ஒரே வண்டியில் உட்கார வேண்டியவர்கள்

குடும்பம் வெளியூர் கிளம்புவதை வைத்துச் சிரிக்கவைக்கும் படங்கள் தமிழில் குறைவு. கல்யாண வீட்டுக் குழப்பம், ஆள்மாறாட்டம், மாமியார் மருமகள், ஒண்டிக்குடித்தனம் என்று நம் காமெடிக்குக் களங்கள் நிறைய உண்டு. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் நாலு சுவருக்குள் நடப்பது. வண்டியில் ஏறிவிட்டால் நம் படங்களில் ஒன்று டூயட் வரும், இல்லையென்றால் துரத்தல் வரும். குழந்தை குட்டியோடு, சோற்று மூட்டையோடு, கடன் கவலையோடு ஒரு குடும்பம் ரோட்டில் போகும்போது நடக்கும் கூத்தை முழுப்படமாக எடுக்கத் துணிந்தவர்கள் சிலர்தான்.

அப்படித் துணிந்த இரண்டு படங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒன்று, 1966இல் வந்த 'மதராஸ் டு பாண்டிச்சேரி'. இன்னொன்று, 2025 ஜூலையில் வந்த, ராம் இயக்கிய 'பறந்து போ'. நடுவில் ஏறக்குறைய அறுபது வருஷம். முதல் படத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்கள். அடுத்ததில் ஒரு பைக்கில் அப்பாவும் பிள்ளையும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். பார்த்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணம் இது: பயணக் காமெடியில் போகிற ஊர் முக்கியமே இல்லை. வண்டியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டியிருக்கிறது என்பதுதான் மொத்தக் கதையும்.

பஜார்ப் பிள்ளைகள்

எனக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது வேலூர் லாங் பஜாரில். கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். நேதாஜி மார்க்கெட்டும் மண்டித் தெருவும் ஒட்டியே இருக்கும். விடியும் முன்பே லாரியிலிருந்து மூட்டை இறங்கும் சத்தத்தில் தெரு முழித்துக்கொள்ளும். மளிகை, காய்கறி, பாத்திரம், பூஜைச் சாமான் என்று ஒவ்வொரு கடையாகத் திறக்கும். "ஓரம், ஓரம்" என்று தலைச்சுமையோடு வருகிறவருக்கு வழிவிட்டுக்கொண்டேதான் நடக்க முடியும். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே பேரத்தில் கலந்து வரும்.

பஜார்க்காரர் வீடுகளுக்கு ஒரு பொதுவான வாழ்க்கை உண்டு. அப்பா எப்போதும் கடையில் இருப்பார். வீட்டில் இருக்கும்போது தூங்கிக்கொண்டிருப்பார். நாங்கள் ஸ்கூல் விட்டதும் கடைக்கு வந்து, மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். எங்கள் கண்முன்னே இருப்பது அப்பாவின் முதுகு. அவர் முகம் வாடிக்கையாளர்களுக்கு. அவர் எங்களைப் பார்த்து உட்கார்ந்து பேசியதாக நினைவில் நிற்பதெல்லாம் வேன் பேசிக்கொண்டு குடும்பத்தோடு எங்கேயாவது போன நாட்கள்தான். திருப்பதி, மேல்மருவத்தூர், ஒகேனக்கல், ஏலகிரி. போன இடத்தில் என்ன பார்த்தோம் என்பது மங்கிவிட்டது. வேனுக்குள் நடந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. சின்னம்மாவுக்கும் அத்தைக்கும் ஜன்னல் சீட்டுக்காக நடந்த பேச்சுவார்த்தை, ஆயா மடியில் வைத்திருந்த புளிசோற்றுத் தூக்கு, அப்பா டிரைவரோடு சேர்ந்து பழைய பாட்டுப் பாடியது. அப்பா பாடுவார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

பஜாருக்கு மட்டும் உரிய கதையில்லை இது. இந்தப் பக்கம் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், அந்தப் பக்கம் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் தோல் தொழில் ஊர்கள் முழுக்க இதே நிலைதான். ஷூ கம்பெனி வண்டிகள் காலையில் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். அம்மா கம்பெனியில், அப்பா டேனரியிலோ லோடு வேலையிலோ. பிள்ளைகள் ஆயாவிடம். உழைப்பதெல்லாம் பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு இருக்கத்தான் நேரமில்லை. 'பறந்து போ' பார்த்தபோது சென்னை அடுக்குமாடி வீட்டில் நடக்கும் கதை எங்கள் ஊர்க் கதையாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு பஸ், ஒரு தேசம்

முதலில் பழைய படம். 'மதராஸ் டு பாண்டிச்சேரி'யை இயக்கியவர்கள் திருமலை–மகாலிங்கம் என்ற இரட்டையர். எழுதியவர் உசிலை சோமநாதன். இசை டி.கே. ராமமூர்த்தி. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) அறிமுகமான ரவிச்சந்திரன் கதாநாயகன், கல்பனா கதாநாயகி. வீட்டைவிட்டு ஓடிவரும் பெண் ஒருத்தி, ஆபத்திலிருந்து தப்பிக்கப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறுகிறாள். அவளைத் தேடி நாயகனும் ஏறுகிறான். வில்லன்களும் விடவில்லை. கதை இவ்வளவுதான். மீதி முழுக்க பஸ்ஸும், அதில் வரும் ஆட்களும், கண்டக்டராக வரும் நாகேஷும்.

அந்தக் காலத்தில் பாண்டிச்சேரி என்ற பெயருக்கே ஒரு கவர்ச்சி இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள் என்றாலும், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962இல்தான். படம் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. மதராஸ் மாநிலத்தில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது, பாண்டிச்சேரியில் இல்லை. இப்போது இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது கிடையாது. திண்டிவனம் சுற்றித்தான் போகவேண்டும். கிட்டத்தட்ட நம்ம ஊர்தான், ஆனாலும் கொஞ்சம் வெளிநாடு. ஓடிப்போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஆனால் படம் பார்க்கும்போது நாம் பாண்டிச்சேரிக்காகக் காத்திருப்பதில்லை. பஸ் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் தோன்றும். பல ஊர், பல பாஷை, பல மதத்து ஆட்கள் ஒரே தகரக்கூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். யாரும் இறங்கிப் போக முடியாது. அதுதான் சிரிப்பின் ஊற்று. ஒரு பையன் பக்கோடா வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டே வருவான். அந்தப் பையனாக நடித்தவருக்கு 'பக்கோடா' காதர் என்ற பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது. இதை நினைத்துப் பாருங்கள்: கதையைத் திருப்பிப்போடும் பாத்திரம் இல்லை, வில்லன் இல்லை, பசிக்கிற ஒரு குழந்தை. அறுபது வருஷம் கழித்தும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் முதலில் சொல்வது பக்கோடாவைத்தான். குடும்பத்தோடு பஸ்ஸில் போன எவருக்கும் காரணம் விளங்கும். பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சட்டி வாசனை வந்ததும் பின்சீட்டிலிருந்து எழும் குரல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

நாகேஷின் கண்டக்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த பஸ்ஸுக்குள் அவர்தான் வீட்டுப் பெரியவர். யாரை எங்கே உட்காரவைப்பது, யார் சண்டையைத் தீர்ப்பது, எப்போது விசில் ஊதுவது எல்லாம் அவர் கையில். எங்கள் பக்கத்தில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழக பஸ்கள் ஓடிய காலத்தில் அப்படிப்பட்ட கண்டக்டர்களை நானே பார்த்திருக்கிறேன். "இன்னாம்மா, பிள்ளைய மடியில வச்சிக்கோ. பெரியவர் எவ்ளோ நேரமா நின்னுனு வராரு பாரு" என்று ஒரே வாக்கியத்தில் நியாயம் வழங்கிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள்.

பக்கத்தில் உட்காருவது என்பது தமிழ்நாட்டில் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. அந்தப் படத்துக்கு முப்பது, நாற்பது வருஷம் முன்பு, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பஸ்கள் இங்கே ஓடின. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவு போட்டுத்தான் அதை மாற்ற வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கியவர் எவரும் எவர் பக்கத்திலும் உட்காரலாம் என்பது போராடிப் பெற்ற உரிமை. அந்த உரிமையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் 1966இல் ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நம்மைச் சிரிக்கவைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஒரே குடும்பமாகிவிடுகிறார்கள். அந்தத் தலைமுறைக்குத் தன் தேசத்தைப் பற்றி இருந்த நம்பிக்கை அதில் தெரிகிறது.

வடக்கே போன பஸ்

இந்த பஸ் இந்திக்கும் போனது. எஸ். ராமநாதன் இயக்கத்தில் 1972இல் 'பாம்பே டு கோவா' வந்தது. நாகேஷின் இடத்தில் மெஹ்மூத். மெஹ்மூதின் கண்டக்டருக்குப் பெயர் கன்னா, அவருடைய தம்பி அன்வர் அலி நடித்த டிரைவருக்குப் பெயர் ராஜேஷ். இருவரையும் சேர்த்துச் சொன்னால் அன்றைய சூப்பர்ஸ்டார் ராஜேஷ் கன்னா வந்துவிடுவார். நாயகனாக நடித்தவர், 'ஜஞ்ஜீர்' (1973) வருவதற்கு முந்தைய வருஷம், இன்னும் பெரிய நட்சத்திரமாகாத அமிதாப் பச்சன்.

அதே அமிதாப் நாற்பத்துமூன்று வருஷம் கழித்து இன்னொரு பயணக் காமெடியில் உட்கார்ந்தார். ஷூஜித் சர்க்கார் இயக்கிய 'பிக்கு' (2015). மலச்சிக்கலைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாத வயதான அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளாக தீபிகா படுகோன், டிரைவர் வராததால் தானே வண்டி ஓட்ட வேண்டிவந்த டாக்சி கம்பெனி முதலாளியாக இர்ஃபான் கான். டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்குக் கார். கார் கூரைமேல் அப்பாவின் கழிப்பறை நாற்காலி. இந்தப் படத்துக்காக அமிதாபுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இளைஞராக இருந்தபோது பஸ் நிறைய ஜனங்களோடு ஆடிப்பாடிப் போனவர், வயதானதும் ஒரு காரின் பின்சீட்டில் மகளோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறார். நம் பயணப் படங்களில் வண்டி சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது. பஸ் காராகி, கார் பைக்காகியிருக்கிறது. ஜனத்தொகை கூடக்கூட வண்டிக்குள் இருப்பவர்கள் குறைகிறார்கள். நம் வீடுகளுக்கு நடந்ததும் அதுதானே.

வண்டி எதுவாக இருந்தாலும் காமெடியின் அடிப்படை மட்டும் மாறுவதில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ரயில் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரக் கோஷ்டியும் நாட்டியக் கோஷ்டியும் ஒரே பெட்டியில். பார்க்கத் துடிக்கும் இரண்டு பேர், பார்க்கவிடாமல் காவல் காக்கும் அம்மா, நடுவில் பாலையாவின் சேட்டை. எழுந்து போக இடமிருந்தால் அந்தக் காட்சியே இல்லை. அமெரிக்காவில் 2006இல் வந்த 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தில் ஒரு குடும்பம் பழைய மஞ்சள் வேனில் போகிறது. கிளட்ச் போய்விட்டதால் வேனை எல்லோரும் தள்ள வேண்டும், அது ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக ஓடிவந்து தாவி ஏற வேண்டும். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத குடும்பம் அது. ஆனால் சேர்ந்து தள்ளாவிட்டால் வண்டி நகராது. குடும்பம் என்றால் என்ன என்பதை வசனம் இல்லாமல் இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

பைக்கில் ஒரு வீடு

இப்போது 'பறந்து போ'.

ராம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது கனமான படங்கள். 'கற்றது தமிழ்' (2007), 'தங்க மீன்கள்' (2013), 'தரமணி' (2017), 'பேரன்பு' (2019இல் தியேட்டருக்கு வந்தது). இதில் 'தங்க மீன்கள்' அப்பா–மகள் கதை, 'பேரன்பு'வும் அப்பா–மகள் கதை. இரண்டும் பார்த்தவரை உலுக்கிவிடும். 'தங்க மீன்கள்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. பணம் இல்லாத அப்பா, ஆசை அடங்காத குழந்தை, நடுவில் பள்ளிக்கூடக் கட்டணம் என்ற பெரிய சுவர். அந்தப் படத்தை எடுத்தவர் பன்னிரண்டு வருஷம் கழித்து ஏறக்குறைய அதே கவலையை எடுத்துக்கொண்டு, இந்த முறை சிரிக்கவும் பாடவும் வைத்திருக்கிறார். 2025இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் காட்டிவிட்டு, ஜூலையில் இங்கே வெளியிட்டார்கள்.

கோகுல் (மிர்ச்சி சிவா), கிளோரி (கிரேஸ் ஆண்டனி), இவர்கள் பிள்ளை அன்பு (மிதுல் ரயான்). மதம் கடந்து காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சென்னையில் பிழைப்பு. கையில் நிற்காத வருமானம், துரத்தும் தவணை, பிள்ளைக்குப் பெரிய ஸ்கூல். இருவரும் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் எட்டு வயதுப் பையன் வீட்டுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறான். கிளோரி புடவைக் கண்காட்சிக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அப்போது அப்பாவும் பிள்ளையும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திட்டம் கிடையாது. வழியில் கோகுலின் பெற்றோர் வீடு, பள்ளிக்கூடத் தோழி வனிதாவாக வரும் அஞ்சலியின் வீடு என்று பயணம் தானாக நீள்கிறது.

சிவா 'சென்னை 600028', 'தமிழ்ப் படம்' காலத்திலிருந்து நம்மைச் சிரிக்கவைப்பவர். இதில் அவர் தனியாகக் காமெடி எதுவும் செய்வதில்லை. பதில் சொல்ல முடியாத ஒரு அப்பாவாக இருக்கிறார். பையன் ஒன்று கேட்கிறான், அப்பா தயங்குகிறார், பையன் அதற்குள் அதைச் செய்துவிடுகிறான். மலையைப் பார்த்தால் ஏற வேண்டும், தண்ணீரைப் பார்த்தால் இறங்க வேண்டும். அப்பாவுக்குப் பயமும் பெருமையும் ஒரே சமயத்தில் முகத்தில் வந்துபோகும். போன் அடிக்கும்போதெல்லாம் கிளோரிக்கு ஒரு சமாதானம், கடன்காரருக்கு ஒரு சமாதானம். கிரேஸ் ஆண்டனியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) பார்த்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். போனிலேயே ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதையும் காட்டிவிடுகிறார்: கோபம், களைப்பு, அடுத்த நொடியே பிள்ளைக்காகக் குழையும் குரல்.

படம் முழுக்கச் சின்னச் சின்னப் பாட்டுகள். சந்தோஷ் தயாநிதியின் இசை, மதன் கார்க்கியின் வரிகள். பாட்டு வந்தால் கதை நிற்பதில்லை. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதையெல்லாம் பாட்டு சொல்லிவிட்டுப் போகிறது. தவணை கட்ட முடியாத கவலையைக்கூட ஒரு குழந்தையும் சேர்ந்து பாடும்படி சொல்ல முடியும் என்று காட்டியது எனக்குப் பெரிய விஷயம்.

இந்தப் படத்தில் என்னை மிகவும் தொட்டது எது என்றால், பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் பயணம் என்பது வேறுவேறு என்பதை அது புரிந்துவைத்திருக்கும் விதம். நாம் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கிறோம். இன்னும் எவ்வளவு தூரம், டோல் எவ்வளவு, இருட்டுவதற்குள் போய்விடலாமா. குழந்தைக்கு நின்ற இடங்கள்தான் கணக்கு. எங்கே இறங்கினோம், எதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டோம், யார் வீட்டில் தூங்கினோம். அன்பு கேட்பது எந்த ஊரையும் இல்லை. அப்பா தன்னோடு இருக்கும் நேரத்தைக் கேட்கிறான். பைக் நின்றுவிட்டால் அந்த நேரமும் தீர்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் போய்க்கொண்டே இருக்கச் சொல்கிறான்.

பஜார்ப் பிள்ளையாக இருந்து பார்க்கும்போது இன்னொன்றும் தோன்றியது. கடையில் நாங்கள் பார்த்து வளர்ந்தது அப்பாவின் முதுகு என்று சொன்னேன். பைக்கில் பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் கண்முன்னே இருப்பது அப்பாவின் முதுகுதான். ஆனால் இங்கே அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். அதில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம். கடை முதுகுக்கும் பைக் முதுகுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்தப் படத்தின் பயணம் என்று எனக்குப் படுகிறது.

1966 பஸ்ஸில் அந்நியர்கள் குடும்பமானார்கள். 2025 பைக்கில், ஒரே வீட்டில் அந்நியர்களாகிவிட்ட குடும்பம் திரும்பவும் குடும்பமாகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நம் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அன்றைக்கு நமக்கு இருந்த சவால் வெளியாட்களோடு ஒத்துப்போவது. இன்றைக்கு வீட்டாட்களோடு உட்கார நேரம் கண்டுபிடிப்பது.

ஏன் சிரிப்பு?

இதே விஷயத்தை அழவைத்தும் சொல்லலாம், ராமே சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏன் காமெடி? என் பதில்: அழவைக்கும் படத்தை நாம் தனியாகப் பார்ப்போம். சிரிக்கவைக்கும் படத்தைச் சேர்ந்து பார்ப்போம். 'தங்க மீன்கள்' பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை, அவரவர் எழுந்து போய்விட்டோம். 'பறந்து போ' முடிந்ததும் பிள்ளைகள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்மளும் இந்த மாதிரி போலாமா? எப்ப போலாம்? அப்பா கடைய மூடுவாரா?" கேள்வி நேராக வந்து உட்கார்ந்தது. என் அப்பாவும் அங்கேயே இருந்தார், அவர் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குப் புரிந்தது. "உங்கப்பன் சின்னப் பையனா இருந்தப்போ கூட்டினு போய்க்கினுதான் இருந்தேன். இன்னும் நாலு தடவ போயிருக்கலாம்" என்றார். பல வருஷமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. ஒரு காமெடிப் படம்தான் அதை வரவைத்தது.

சிரிப்பு குற்றம் சாட்டுவதில்லை. உழைத்துக் களைத்த அப்பா அம்மாவிடம் "நீ பிள்ளையைக் கவனிக்கவில்லை" என்று சொன்னால் அவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வரும் அம்மாவிடம் எவருக்கும் அப்படிச் சொல்லும் உரிமை இல்லை. ஆனால் அவளைப் போலவே தவிக்கும் ஒரு கிளோரியைக் காட்டி, அவளோடு சேர்ந்து சிரிக்கவிட்டால், மீதியை அவளே யோசித்துக்கொள்வாள். பயணக் காமெடிக்கு இந்த வேலை இயல்பாக வரும். ரோட்டில் எல்லோரும் சமம். டயர் பஞ்சரானால் முதலாளிக்கும் பஞ்சர்தான். குழந்தை வாந்தி எடுத்தால் கண்டிப்பான தாத்தாவும் வேட்டியால் துடைத்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் ரோட்டுக்கு ஒரு படம்

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஆசை ஒன்று வந்தது. எங்கள் பக்கத்து ரோட்டை வைத்து யாராவது இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும்.

லாங் பஜாரிலிருந்து ஏலகிரி சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை பாலாற்றோடு கூடவே போகிறது. பள்ளிகொண்டாவில் ரங்கநாதரையும் பார்க்கலாம், டோல்கேட் வரிசையில் நின்று பெரியப்பாவும் டிரைவரும் வாதாடுவதையும் பார்க்கலாம். குடியாத்தம் திருப்பத்தில் ஏற வேண்டிய அத்தை குடும்பம் இன்னும் வந்திருக்காது. ஆம்பூர் வந்ததும் பிரியாணிக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று பெரிய விவாதம் நடக்கும். சைவம் சாப்பிடும் ஆயா "நீங்க போய்த் துன்னுட்டு வாங்க, நான் வண்டியிலேயே கீறேன்" என்பார். அவரைத் தனியாக விடக்கூடாது என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்காருவார்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் ஆயாவிடம் சொல்லும் ரகசியங்களே ஒரு படத்துக்குப் போதும். சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் சாப்பிட்ட களைப்பில் வாணியம்பாடி வரை வேனே தூங்கும்.

2019க்கு முன்னால் இது முழுக்க ஒரே வேலூர் மாவட்டம். இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் ஏலகிரியும் திருப்பத்தூர் மாவட்டம். "நாம வேற ஜில்லாவுக்கு வந்துட்டோம்" என்று தாத்தா ஒருமுறை ஆச்சரியப்படவாவது செய்வார். கடைசியில் ஏலகிரி மலைப்பாதை. பதினாலு கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயர், பாதிக்கு வள்ளல்கள் பெயர். கம்பரிலும் கபிலரிலும் தாங்கிக்கொண்ட பிள்ளை பாரியிலோ ஓரியிலோ வாந்தி எடுப்பான். எந்த வளைவு என்று அந்த வீட்டில் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தப் படத்துக்கு வில்லன் வேண்டாம், வெளிநாட்டு லொகேஷன் வேண்டாம். வேனில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மா இருக்கட்டும், பஜாரில் கடை வைத்திருக்கும் அப்பா இருக்கட்டும். பக்கத்துக் கடை பாயின் பிள்ளைகள் இரண்டும் கூடவே வரட்டும்; எங்கள் வேனில் அவர்கள் இல்லாமல் போனதில்லை. பஸ் படத்தின் பல பாஷைக் கூட்டமும், பைக் படத்தின் அப்பா–பிள்ளை நெருக்கமும் ஒரே வண்டிக்குள் வந்துவிடும். எங்கள் ஊர் வேன் பயணங்களில் அது எப்போதும் இருந்தது. சினிமாதான் இன்னும் பார்க்கவில்லை.

அதுவரை இந்த இரண்டு படங்களும் இருக்கின்றன. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் 'மதராஸ் டு பாண்டிச்சேரி' போடுங்கள். கறுப்பு வெள்ளை என்று பிள்ளைகள் முனகினாலும் பக்கோடா வந்ததும் அடங்கிவிடுவார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பதைப் பார்ப்பீர்கள். அடுத்து 'பறந்து போ'. பார்த்து முடித்த கையோடு பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலண்டரை எடுத்து, கடைக்கோ கம்பெனிக்கோ லீவு சொல்லிவிடக்கூடிய ஒரு தேதியை அவர்கள் கண்முன்னாலேயே குறியுங்கள். எங்கள் வீட்டில் குறித்துவிட்டோம். அன்றைக்குக் கடை கிடையாது.